தாங்கிக்கொள்கிறார்கள் என்பதால்

ஈழத்தமிழர் முகாமில் வளர்ந்த பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினால், இத்தனை இடரிலும் மனம் தளரவில்லை என்று ஊரே மெச்சுகிறது. மெச்ச வேண்டியதுதான். அதே பிள்ளை சில ஆண்டுகளில் பொறியியல் பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு பெயின்ட் வேலைக்குப் போகும்போது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க எவரும் வருவதில்லை. தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே ஒருவர் மேல் சுமையை விட்டுவைப்பது அறமாகுமா?

1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களில் பலர் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் மாநில அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது, உதவித்தொகையை உயர்த்தியது, பிறகு புது வீடுகளும் கட்டித் தந்தது. நன்றியோடு சொல்ல வேண்டிய காரியங்கள் இவை. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் உயர் நீதிமன்றம்வரை சென்று பாஸ்போர்ட் பெற்றார். 2024இல்தான் முதன்முறையாக வாக்களித்தார். 1987 ஜூலை 1 என்ற கோட்டுக்கு முன் பிறந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்கிவிட்டார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். இளைஞர்கள் என்று நாம் சொல்பவர்கள் எல்லாருமே கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள். பெரும்பாலோர் இலங்கையைப் பார்த்ததுகூட இல்லை.

இந்த நிலையில் மனம் நொந்தவர்களுக்காக முகாமுக்கு மனநல ஆலோசகரை அனுப்புவது, அநீதியைப் பொறுத்துப்போகப் பழக்குவதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை உண்டு. ஆனாலும் தூக்கமில்லாமல் தவிக்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம், சட்டம் திருத்தப்படும்வரை பொறு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வழக்கு முடியட்டும் என்று காயத்துக்குக் கட்டுப் போடாமல் இருப்பார்களா? உதவி இன்றே போய்ச் சேர வேண்டும்.

அந்த உதவி எப்படிப்பட்டது என்பதில்தான் சிக்கல். குண்டுவீச்சையும் படகுப் பயணத்தையும் கண்டு வந்த தலைமுறையின் துயரம் நினைவில் இருந்தது. பேசப் பேச ஆறக்கூடியது. இங்கேயே பிறந்தவர்களை வாட்டுவது வரப்போகும் நாட்கள். 'படித்து என்ன ஆகப்போகிறது' என்று ஓர் இளைஞர் சொன்னால், வேறிடத்தில் அது மனச்சோர்வின் அறிகுறி. முகாமில் அது பெரும்பாலும் சட்டத்தைச் சரியாகப் படித்தவரின் பேச்சு. அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, வெளியூரில் வேலை கிடைத்தாலும் 'செக்கிங்' எனும் வருகைச் சரிபார்ப்பு நாளில் முகாமில் வந்து நிற்க வேண்டும். அவரிடம் போய், நீங்கள் நினைப்பது தவறு, நல்லதையே நினையுங்கள் என்பது பொய். துயரத்தில் இருப்பவரின் அறிவையும் சேர்த்து அவமதிக்கும் பொய்.

உங்கள் கணிப்பு தவறில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ளும் ஆலோசகரே அந்த இளைஞருக்குத் துணையாக முடியும். தூக்கத்துக்கு வழி சொல்லும் அதே கையால் இலவசச் சட்ட உதவிக்கும் வழி காட்ட வேண்டும். முகாமில் மனம் நொந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதும் அறிக்கையில், எதனால் நொந்தார்கள் என்ற பத்தியில் குடியுரிமைச் சட்டத்தின் பெயரும் இடம்பெற வேண்டும். அறிக்கை சென்னையோடு நிற்காமல் டெல்லிக்கும் போக வேண்டும்.