மதியக் கச்சேரி

மார்கழிச் சென்னையில் பெரிய வித்வான்கள் மாலையில் பாடுவார்கள். இந்த வருஷம் என் நெஞ்சில் நின்றவை மதியக் கச்சேரிகள்தான். பல சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. பாதி நாற்காலிகள் காலி. இருபது வயதுப் பெண் ஒருத்தி தோடி ராகத்தை நிதானமாக விரிக்கிறாள். முன்வரிசைப் பெரியவர் தொடையில் தாளம் போட்டபடி கூடவே போகிறார்.

2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. அந்த இசை எங்கே என்று கேட்பவரை விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிக்குக் கூட்டிப் போவேன். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பஜனை பாடி வலம்வந்த வீதி அது. ஈரக் கோலங்களை மிதிக்காமல், ஜால்ராவோடு இன்றும் ஒரு கூட்டம் பாடிப் போகிறது. பனியில் குரல்கள் சற்றே கரகரக்கின்றன.