நம்ம கோயில்

என் மகளுக்குப் பதினாறு வயது. போன செப்டம்பரில் நான் மணப்பாட்டுக்குக் கிளம்பியபோது கேட்டாள்: "இங்க ஞாயித்துக்கிழமை பூசைக்கே போறதில்ல. வருஷத்துக்கு ஒருதடவ அங்க மட்டும் ஏம்மா போற? அது ஏமாத்து வேல இல்லையா?" பையை மூடுகிற சாக்கில் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஆனால் சரியான கேள்விதான். ஓர் இடத்தின் அணைப்பு வேண்டும், அதன் அதிகாரம் மட்டும் வேண்டாம் என்பது நேர்மையா?

மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். மணல்மேட்டின் உச்சியில், கடலைப் பார்த்தபடி திருச்சிலுவை ஆலயம். 1540 வாக்கில் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார்கள் என்பது ஊர் வழக்கு. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே உண்டு. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு, பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லோரும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். ஓலைப்பெட்டி முடைந்து என்னைப் படிக்கவைத்தவள் என் அம்மா. செய்யுளின் ஓசையை நான் முதலில் கேட்டது தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவளும் பெரியம்மாக்களும் இழுத்துப் பாடிய சிலுவைப்பாதையில். முனைவர் பட்டமெல்லாம் பிறகு வந்தது.

திருமணமாகி வந்த நகரத்தில் எனக்கு யாரையும் தெரியாது. (எந்த நகரம், எந்தப் பங்கு என்பது இங்கே வேண்டாம்.) மகள் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்த முப்பத்தொரு நாளும் அன்பியத்துப் பெண்கள் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்டவர்களும் சோற்றை நிறுத்தவில்லை. அவர்களில் ஒருத்தி, தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். அவளை அக்கா என்றே எழுதுகிறேன். கணவனைக் கடலில் இழந்து பிழைப்புக்காக நகரம் வந்தவள். இருபது வருடமாகச் சம்பளமில்லாமல் அந்தக் கோயிலைக் கூட்டுகிறவள்.

2013இல் போப் பிரான்சிஸ், பெரிய வியாழனன்று ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பாதம் கழுவியபோது, அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். 2016 ஜனவரியில் விதியே மாறியது. ஆண்கள் என்றிருந்த இடத்தில் பெண்களும் உட்காரலாம். எங்கள் பங்குக் கூட்டத்தில் நான் எழுந்து அக்காவின் பெயரைச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். அன்று மாலையே அவளிடம் போய், "உங்க பேரு குடுத்தாச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டது நான்தான்.

ஒரு வாரம் அவள் குதிகால் வெடிப்பைத் தேய்த்தாள். நகம் வெட்டினாள். சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு வாங்கினாள். வியாழன் மாலை பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த பன்னிரண்டு நாற்காலியிலும் வேட்டி கட்டியவர்களே உட்கார்ந்திருந்தார்கள். "சபை முன்னாடி பொம்பள காலத் தொடுறது நம்ம பண்பாட்டுக்குச் சரிப்படுமா" என்று பேச்சு வந்ததாம், "அடுத்த வருஷம் பாப்போம்" என்று முடிந்ததாம். அப்படிக் கேட்டவர்களில் மாதா சபைப் பெண்களும் உண்டு, எனக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் உண்டு. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

பூசை முடியுமுன் நான் எழுந்து வந்துவிட்டேன். அக்கா கடைசிவரை இருந்து, சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள். மறுநாள் பெரிய வெள்ளி. காலையிலேயே விளக்குமாற்றோடு போய்விட்டாள் என்று அறிந்து அவள் மேலேயே எனக்குக் கோபம். "ஏன்க்கா போனீங்க?"

"கோயிலு அவுகளோடதா டீச்சர்? நம்ம கோயில்லா. அவுக செஞ்சதுக்கு நான் எதுக்கு என் வீட்ட விட்டுட்டு வரணும்?"

அன்றிலிருந்து நான் போகவில்லை. அவள் போகிறாள்.

தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் பழக்கம். இன்று நாம் ஊர்வலத்தில் கோஷமிடும் 'உரிமை' என்ற சொல்லுக்குப் பழைய நூல்களில் இன்னொரு பொருளும் உண்டு: அரசனுக்கு உரிய பெண்கள், அந்தப்புரத்து மகளிர். எனக்கு உரியது, நான் இன்னாருக்கு உரியவள், இரண்டுக்கும் வேர் ஒன்றே. எங்கள் கரையின் கதையும் இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. 1530களில் முத்துக்குளிப்பை ஒட்டி எழுந்த மோதலில் பாதுகாப்புத் தேடிய பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு, போர்த்துகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்றே முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு வரிப்பணம் போனது. அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருபவர்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி ராணியைக் கேட்டவர் சவேரியார். 1544இல் எழுதிய கடிதத்தில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் சிறையும் விதிக்கச் சொன்னவரும் அவரே. அரவணைப்பும் தண்டனையும் ஒரே கையிலிருந்து வந்தன. அந்தப் பெண்கள் எழுதிய கடிதம் ஏதும் நம்மிடம் இல்லை.

அக்கா சொன்னதைப் பெருமையாகத் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வடக்கன்குளம் நினைவுக்கு வந்தது. அங்கே கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்டக் கேட்டு வழக்காடியவர்கள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்களும் கோயிலில் எங்கள் உரிமை என்றுதான் பேசினார்கள். அப்படியானால் அக்கா சொன்னதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவர்கள் சொன்னது 'எங்கள்'. அவள் சொன்னது 'நம்ம'. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் இந்தப் பன்மையை இலக்கணத்தில் உளப்பாடு என்போம், வகுப்பில் இரண்டு நிமிடத்தில் நடத்திவிட்டுப் போவோம். அவளுக்கு நாற்காலி தராதவர்களும் அந்த 'நம்ம'வுக்குள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெருந்தன்மையை எப்போதும் அக்காக்களிடமே எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து எழுதிய 'கருக்கு' 1992இல் வெளியானது. ஆகவே, வெளியேறுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வேலையும் இருப்பிடமும் இழந்து வந்தார். நான் எதை இழந்தேன்? எனக்குக் கல்லூரி இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, கவிதை வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அக்கா போய் உட்கார வேறு இடமில்லை. அவளுக்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தேன். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு முன்னால் அவளைத் தனியே விட்டுவிட்டு. அடுத்த வருடப் பங்குக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

திருவிழா முடிந்து வந்த இரவு மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் பாதியில் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"அங்க ஏன் போறேன்னா, அம்மா பாடுனது இன்னும் அங்கதான் கேக்குது. அது ஏமாத்து வேலையான்னு தெரியல."

"சரி. இங்க?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "அந்தப் பெரியம்மா அந்தச் செருப்ப என்ன செஞ்சாங்க?"

"இன்னும் போடுறாங்க. பூசைக்கு மட்டும். வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள போறாங்க."