ஏவலும் உடன்பாடும்



யசோதர மன்னன் கதை நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. அன்னை சந்திரமதி பலியிடச் சொன்னாள். உயிர்ப்பலிக்கு மறுத்தவன், மாவினால் செய்த கோழியைப் பலியிட மட்டும் தாய்சொல்லுக்கு இணங்கினான். மறுபிறவியில் பணிந்த மகன் மயிலானான். ஏவிய தாய் நாயானாள்.

அறம் அறிந்தவனும் ஏன் பணிகிறான்? 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியல் அறிஞர் இதனை ஆராயத் தொடங்கினார். பாடத்தில் பிழை செய்பவருக்கு மின்விசையைப் படிப்படியாக ஏற்றித் தண்டனை தருமாறு, ஆய்வுக்கு வந்தோரை ஒருவர் ஏவினார். மின்சாரம் பாயவில்லை, அலறியது நடிப்பு. ஏவப்பட்டோர் அதனை அறியார். 40 பேரில் 26 பேர் இறுதி அளவாகிய 450 வோல்ட் வரை சென்றனர். வியர்த்தும் நடுங்கியும் சென்றனர், கொடியவர் அல்லர். (மனிதரை இவ்வாறு ஏமாற்றி வருத்தலாமா என்று பின்னர் கண்டனம் எழுந்தது. எழ வேண்டியதே.)

வேறு குழுவினரிடம் சூழலை மாற்றிப் பார்த்தார். துன்புறுபவர் அதே அறையில் கண்முன் இருந்தபோது, 40 பேரில் 16 பேரே இறுதிவரை சென்றனர். ஏவுபவர் வெளியே சென்று தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே முழுதும் பணிந்தார். உடன் பணிசெய்த இருவர் மறுத்து எழுந்தபோதோ, 4 பேர் மட்டுமே. ஆனால் விசையை வேறொருவர் அழுத்த, தாம் துணைவேலை மட்டும் செய்தபோது 37 பேர் கடைசிவரை இருந்தனர்.

அந்த 37 பேரே என்னை உறங்கவிடாதவர்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் தத்துவார்த்த சூத்திரம் வினை வரும் வகைகளுள் சேர்த்தே எண்ணுகிறது.

பயிற்சி முடித்து நான் முதலில் பணியேற்ற பள்ளியில், தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தார். "அவன் கையைப் பிடித்துக்கொள்ளம்மா" என்றார். பிடித்துக்கொண்டேன். தாழ்வாரத்தில் ஆசிரியர் மூவர் நின்றிருந்தனர். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்தனர். எவரும் வாய் திறக்கவில்லை. பிரம்பு என் கையில் இல்லையே என்று அன்று மாலை ஆறுதல் கொண்டேன். என் மாக்கோழி அது.

பின்னாளில் பயிற்சி மாணவியருக்கு வகுப்பெடுத்தபோது இதனைச் சொல்ல ஆண்டுகள் பல ஆயின. சொன்ன அன்று ஒரு மாணவி, "நீங்கள் கையை விட்டிருந்தால் அந்த மூவரும் பேசியிருப்பார்களா, அம்மா?" என்று கேட்டாள்.

தசலட்சணப் பருவம் நிறைவுற்று, ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் நாளில் அவனை நினைக்கிறேன். இன்று அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். எந்த ஊரில் இருக்கிறானோ.