உங்கள் வாசிப்புக்கு வாய் கொடுங்கள்!

சுவா சூ காங்கில் இருப்பவர்களுக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய லாட் ஒன் கடைத்தொகுதிக்குள்ளேயே நூலகம் இருக்கிறது. 2021இல் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். வேறு கிளையில் இருக்கும் தமிழ் நூலையும் முன்பதிவு செய்து இங்கே வரவழைத்துக்கொள்ளலாம். 21 நாள் அது உங்கள் கையில் இருக்கும். படிக்கிறீர்கள். திருப்பிக் கொடுக்கிறீர்கள். அந்த 21 நாளில் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரே ஒரு மனிதரிடமாவது பேசினீர்களா?

பேசவில்லை. ஏன்?

“நான் என்ன பேராசிரியரா?” “தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே!” “என் தமிழ் சுமார்தான்.” இந்த மூன்று பயங்கள்தான் உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கின்றன. உங்களைத் தடுத்தவர் வெளியில் யாருமில்லை. பூட்டைப் போட்டவர் நீங்கள். சாவியும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது!

வள்ளுவர் இந்த நோயை அன்றே கண்டுகொண்டார். கல்விக்கு ஓர் அதிகாரம் எழுதியவர் அதோடு நிறுத்தவில்லை. கேள்விக்கு ஒன்று, சொல்வன்மைக்கு ஒன்று, அவையஞ்சாமைக்கு ஒன்று என்று வரிசையாக வைத்தார். துணிவில்லாதவனுக்கு வாளால் என்ன பயன், அவையைக் கண்டு நடுங்குகிறவனுக்கு நூலால் என்ன பயன் என்று அவர் கேட்கும் கேள்வி காட்டமானது. படித்தால் மட்டும் போதாது, நாலு பேர் நடுவில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அப்படிச் சொல்லப் பட்டம் வேண்டுமா? ரசிகமணி டி.கே.சி.யைப் பாருங்கள். அவர் படித்தது சட்டம். தமிழ்ப் பண்டிதர் என்ற முத்திரை அவருக்கு இல்லை. ஆனால் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ் ரசனை வரலாற்றில் ஓர் அத்தியாயமானது. கம்பனின் பாட்டை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கூடி அனுபவித்தார்கள். ராஜாஜியும் கல்கியும் அவருடைய ரசனைக்கு மயங்கினார்கள். பாட்டு தன்னைத் தொட்டதா என்று நேர்மையாகச் சொல்லும் துணிவே அவருடைய தகுதி. அந்தத் துணிவு உங்களுக்கும் வரும்.

‘அது திருநெல்வேலி, இது சிங்கப்பூர்’ என்று நழுவாதீர்கள். இந்த மண்ணுக்கும் அந்தப் பரம்பரை உண்டு. 1950களின் தொடக்கத்திலேயே ‘தமிழ் முரசு’ நாளிதழில் ‘ரசனை வகுப்பு’ நடந்தது. பிழைக்க வந்த சமூகம் என்று பிறர் எண்ணிய காலத்தில் இங்கிருந்த தமிழன் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு கதையை எடைபோடக் கற்றான்! 1977இல் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘இலக்கியக் களம்’ தொடங்கினார். உள்ளூரில் வெளிவந்த கதைகளைக் கூடி வாசித்து, தயவுதாட்சண்யம் பாராமல் அலசினார்கள். அதே மனிதர்தான் 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவராகவும் விளங்கினார். யாரும் அனுமதி தரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

இன்றைக்கும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து வாசகர் வட்டம் இயங்கி வந்திருக்கிறது. அங் மோ கியோ நூலகத்தில் கூடிப் பேசிய வட்டம் அது. சுவா சூ காங்கில் ஏறினால் ரயில் மாறாமலே போய் இறங்கும் தூரம்தான்! 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் ‘கதைக்களம்’ நடத்துகிறது. கவிதை பிடித்தவர்களுக்குக் கவிமாலை இருக்கிறது. தூரத்தைக் காரணம் சொல்கிறவர், தேக்காவுக்குக் காய்கறி வாங்க எத்தனை முறை போனார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, பேசினால் என்னதான் கிடைக்கும்? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நால்வர் படித்துவிட்டுக் கோப்பிக்கடையில் உட்காருவதாக வையுங்கள். போர்க்காலப் பினாங்கும் மேடானும் நாயகன் பாண்டியனின் சாகசங்களும் நிறைந்த நாவல். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பி, சாகசத்தை விட்டுவிட்டுப் பாண்டியன் ஊரை நினைத்து ஏங்கும் பக்கங்களைப் பிடித்துக்கொள்வார். ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்த அத்தை, நாவலில் இல்லாத பசியைச் சொல்வார். தொடக்கக் கல்லூரி மாணவி, “இதில் பெண்கள் எங்கே?” என்று ஒரே கேள்வியில் மேசையை அதிர வைப்பாள். நான்காவது ஆள், அதாவது நீங்கள், “எனக்கு முதல் ஐம்பது பக்கம் புரியவே இல்லை” என்பீர்கள். உடனே மற்ற மூவரும், “எனக்கும்தான்!” என்று சிரிப்பார்கள். எதற்காக இத்தனை நாள் பயந்தீர்களோ, அதைச் சொன்னதும் மேசை கலகலப்பாகிவிட்டது!

வீட்டுக்குத் திரும்பும்போது நீங்கள் தனியாகப் படித்த ஒரு நாவல் நான்கு நாவல்களாகியிருக்கும். உங்கள் கருத்தை ஒருவர் மறுத்திருப்பார். நீங்கள் விட்டுக்கொடுக்காமல் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருப்பீர்கள். கருத்தை ஆதாரத்தோடு நிறுவப் பழகிய நாக்கு, மறுநாள் அலுவலகக் கூட்டத்திலும் நேர்முகத் தேர்விலும் தடுமாறாது. எதிர்க் கருத்தைச் சிரித்த முகத்தோடு கேட்கப் பழகிய காது, வீட்டுச் சண்டையைப் பாதியாகக் குறைக்கும். இதைவிடப் பெரிய தன்னம்பிக்கைப் பயிற்சியைக் கட்டணம் கட்டியும் வாங்க முடியாது.

ஆகவே இன்றே தொடங்குங்கள். மூன்று பேர் போதும். அடுத்த வீட்டு அக்கா, உடன் வேலை செய்பவர், வாசிக்கப் பிடிக்கும் என்று எப்போதோ சொன்ன நண்பர். முதலில் நாவல் வேண்டாம், ஒரு சிறுகதையை எடுங்கள். இடம் நூலகமாக இருக்கலாம், சமூக மன்றமாக இருக்கலாம், உங்கள் புளோக்கின் கீழ்த்தளமாகவும் இருக்கலாம். ‘நன்றாக இருந்தது’ என்ற சொல்லுக்கு அன்று தடை போடுங்கள். எந்த வரியில் நின்றீர்கள், எங்கே கோபம் வந்தது, எங்கே ஆசிரியர் ஏமாற்றினார் என்று சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம். மாற்றுக் கருத்து சொன்னவருக்கு அன்றைய தே தாரிக் உங்கள் செலவு!

உங்கள் தமிழ் தடுக்கினால் தடுக்கட்டும். பேசப் பேசத்தான் அது நிமிரும். கதையை உங்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தவர் உலகில் நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்ல வேறு எவராலும் முடியாது. நீங்கள் வாய் மூடியிருந்தால் அந்த வாசிப்பு பிறக்காமலே போய்விடும். கைப்பேசியை எடுங்கள். மூவருக்கும் செய்தி அனுப்புங்கள். கதையின் பெயரையும் நாளையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். அன்று முதலில் பேசப்போகிறவர் நீங்கள்!