சுபமும் சத்தியமும்

ஜப்பானிய அனிமேச் சித்திரங்களில் ஈடுபாடு மிக்க சீடன் ஒருவன், தன் மனத்தில் நெடுநாளாய் இருந்த சம்சயம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டுத் தன் குருவிடம் வினவியதும், அவர் விடை பகர்ந்ததும் இங்கே தரப்படுகின்றன.

சீடன்: சுவாமி, உலகத்தோடு உறவை அறுத்துக்கொண்டு, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் ஓர் அறைக்குள் கதவடைத்துக் கிடப்பவர்களை ஜப்பானில் ஹிக்கிகோமோரி என்கிறார்கள். அவர்களைப் பற்றிய அனிமேத் தொடர்கள் சில, அறையை விட்டு வெளியே வந்தவனுக்கு அன்பும் நட்பும் ஒருங்கே கிடைத்ததாகச் சுபமாய் முடிகின்றன. வேறு சில, கசப்பும் ஆறுதலும் கலந்து, முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாதபடி நின்றுவிடுகின்றன. ரசிகர்களில் விஷயம் அறிந்தவர்கள் இரண்டாவது வகையையே மெச்சுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. துக்கத்தில் மூழ்கிக் கிடப்பவனுக்குப் பொழுதுபோக்கிலும் துக்கத்தையே காட்டுவது தர்மமாகுமா?

குரு: உன் கேள்வியில் கருணை இருக்கிறது, ஆகையால் அதை அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் முடிவைப் பற்றி விவாதிக்கும் முன்பு, எதனுடைய முடிவு என்பதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இந்நிலையைப் பற்றி 1998இல் ஒரு நூல் எழுதி நாட்டின் கவனத்தைத் திருப்பிய சைத்தோ தமாகி என்னும் மனநல மருத்துவர், ஆறு மாதத்துக்குக் குறையாமல் வீட்டில் அடைந்து, சமூக வாழ்வில் பங்கு கொள்ளாமலும், வேறொரு மனநோயை அதற்கு முதற்காரணமாகச் சொல்ல முடியாமலும் இருப்பதையே இதன் இலக்கணமாக வகுத்தார். பின்னர் அந்நாட்டு அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்புகளில், 15 முதல் 39 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 5,41,000 பேர் என்று 2016இலும், 40 முதல் 64 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 6,13,000 பேர் என்று 2019இலும் மதிப்பிட்டார்கள். வாலிபர்களின் பிரச்சினை என்று எண்ணப்பட்டது, நரை கண்டவர்களிடத்திலும் அவ்வளவுக்கு இருப்பதாகத் தெரியவந்தது. எண்பது வயதுத் தாய் ஐம்பது வயது மகனைத் தன் ஓய்வூதியத்தில் காப்பாற்றும் குடும்பங்களின் சங்கடத்துக்கு ‘8050 பிரச்சினை’ என்றே அங்கே பெயர் வழங்குகிறது. காலத்தால் இவ்வளவு நீண்ட ஒரு துன்பத்துக்கு, ஒரே ஒரு மாலைப்பொழுதில் விமோசனம் கொடுத்துவிடும் கதை, தன்னை நம்பிப் பார்ப்பவனுக்கு மறுநாள் காலையில் என்ன பதில் சொல்லும்?

சீடன்: அப்படியானால் காலத்துக்குப் பதில் சொல்லும் கதையாக எதைத் தாங்கள் காட்டுவீர்கள்?

குரு: ‘என்.எச்.கே.வுக்கு நல்வரவு’ என்ற தொடரையே காட்டுவேன். தானே அறைக்குள் அடைந்து கிடந்த அநுபவம் உடையவரான தகிமோட்டோ தத்சுஹிகோ 2002இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, கோன்ஸோ நிறுவனம் 2006இல் 24 பகுதிகளாகத் தயாரித்தது அது. அதன் நாயகனாகிய சத்தோ, கல்லூரியை இடையில் விட்டுவிட்டுத் தோக்கியோவுக்கு அருகே ஒரு சிறிய வாடகை அறையில், பெற்றோர் அனுப்பும் பணத்தில் காலந்தள்ளும் இருபத்திரண்டு வயது வாலிபன். தன்னை இந்நிலைக்கு ஆளாக்கியது, ஹிக்கிகோமோரிகளைப் பெருக்குவதற்கென்றே இரகசியமாக இயங்கும் என்.எச்.கே. என்னும் ஒரு சங்கத்தின் சதி என்று அவன் பிரமை கொள்கிறான். தன் துக்கத்துக்குக் காரணமான சத்துரு ஒருவன் வெளியே இருக்கிறான் என்று நம்புவது, காரணமே இல்லாமல் துக்கப்படுவதைக் காட்டிலும் தாங்கக்கூடியதாய் இருக்கிறதல்லவா?

சீடன்: ஆனால் அவனுக்கும் ஒரு பெண் வந்து சேர்கிறாளே! மிசாக்கி என்பவள் ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்து, ‘உன்னை நான் குணப்படுத்துகிறேன்’ என்கிறாள். அங்கேயே சுப முடிவுக்கு வித்து விழுந்துவிடவில்லையா?

குரு: விழுந்தது போலத் தோன்றச் செய்வதுதான் அக்கதையின் சாமர்த்தியம். இரவு வேளையில் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு, புத்தகங்களில் படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் மனோதத்துவத்தை அவள் அவனுக்குப் பாடம் நடத்தும் காட்சிகளை நினைத்துப் பார். கேட்பவனுக்கு அதனால் விளைந்த பிரயோஜனம் அற்பம். சொல்லுகிறவளுக்கோ, அவனுக்கு முன் தினந்தோறும் உட்காருவதே உயிர்ப்பிடிப்பாய் இருக்கிறது. மாற்றாந்தகப்பனின் கொடுமையில் வளர்ந்து, தன்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்று தீர்மானித்துவிட்ட அவள், தன்னைவிடத் தாழ்ந்தவனாகத் தோன்றிய ஒருவனைத் தேடியே அவனிடம் வந்தாள் என்பது பின்னால்தான் நமக்குத் தெரிகிறது. இரட்சிக்க வந்தவளுக்கே இரட்சணம் தேவைப்படும்போது, ‘அன்பு வந்தது, துன்பம் தீர்ந்தது’ என்னும் பழைய சூத்திரம் அங்கே செல்லாமல் போகிறது.

சீடன்: அன்பு இல்லாவிட்டால் நட்பாவது உண்டே. அடுத்த அறையில் இருக்கும் யாமசாக்கியோடு சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்க அவன் எவ்வளவு பாடுபடுகிறான்!

குரு: பாடுபடுகிறான், ஆனால் அந்தப் பாடு அவனுக்குப் பேரும் புகழும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. யாமசாக்கியும் தன் கனவைக் கைவிட்டு, ஹொக்கைடோவில் உள்ள குடும்பப் பண்ணைக்கே திரும்பிப் போகிறான். அதற்குப் பிறகுதான் சத்தோ வெளியே வருகிறான். வரவழைத்தது காதலுமன்று, இலட்சியமுமன்று. வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்று, வயிறு காய்ந்த காரணத்தால் அவன் கூலி வேலைக்குப் போகிறான். இந்த ஓர் அம்சத்தில் அக்கதையின் துணிவை நான் வியக்கிறேன்.

சீடன்: அப்படியானால், சோறு போடுவதை நிறுத்திவிட்டால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள் என்று கதை போதிக்கிறதா?

குரு: நல்ல வேளையாக இதைக் கேட்டாய். கதையில் வரும் ஒருவனுடைய வாழ்வில் நடந்ததை எல்லோருக்கும் விதியாக்குவது பெரும் பாவம். ஜப்பானில், காப்பாற்றி வந்த பெற்றோர் இறந்துபோன பிறகும் உதவி கேட்டு வெளியே வர முடியாமல், உள்ளேயே மடிந்த மக்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. பசி சிலரை நடக்க வைக்கும், சிலரை மாய்த்துவிடும். அக்கதையும் பசியோடு நின்றுவிடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். வேலைக்குப் போன மாத்திரத்தில் சத்தோவின் துன்பம் தீர்ந்ததாக அது சொல்லவில்லை. மிசாக்கியின் துன்பமோ அப்போதுதான் முற்றுகிறது. கடற்கரை முனையில் சாகத் துணிந்து நிற்கும் அவளைத் தேடிப் போய்த் தடுக்க முயன்று, தன் சதிக் கற்பனையையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாகத் தானே பாறையிலிருந்து பாய்ந்துவிடுகிறான் அந்தப் பேதை. அவன் சாகவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் உயிரை விட வருகிறவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கீழே ஒரு வலை கட்டப்பட்டிருந்தது.

சீடன்: அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது, சுவாமி. யதார்த்தம் யதார்த்தம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் தெய்வச் செயலைப் போல ஒரு வலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே!

குரு: அதைத் தெய்வச் செயல் என்று நீ சொல்வதில்தான் பிழை. வலையைக் கட்டியவர்கள் மனிதர்கள். சத்தோவை அறியாதவர்கள், மிசாக்கியை அறியாதவர்கள், இங்கே இன்னும் யாரோ வருவார்கள் என்று முன்கூட்டி யோசித்து, பொதுப்பணத்தைச் செலவிட்டு, கம்பியையும் கயிற்றையும் இழுத்துக் கட்டினவர்கள். அத்தனை நாள் தனக்கு எதிராக ஓர் இரகசியச் சங்கம் வேலை செய்கிறது என்று நம்பி வந்தவனுடைய உயிர், முகம் தெரியாத மனிதர்கள் அவனுக்காகச் செய்துவைத்த வேலையால் பிழைக்கிறது. பெரிய சதி எதுவும் உலகத்தில் இல்லை, சிறிய ஏற்பாடுகள் சில இருக்கின்றன என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? 2009 முதல் அந்நாட்டில் பல இடங்களிலும் ஏற்பட்டுவரும் ஆலோசனை நிலையங்களும், இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்களும் அந்த வலையின் ஜாதியைச் சேர்ந்தவையே.

சீடன்: கடைசியில் மிசாக்கி கொண்டுவரும் இன்னொரு ஒப்பந்தத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? ஒருவர் உயிரை மற்றவர் பிணையாக வைத்துக்கொள்வது, ஒருவர் இறந்தால் மற்றவரும் இறப்பது என்று எழுதிக்கொள்வதைக் காதல் என்று ஏற்க முடியவில்லை. அது ஆரோக்கியமானதாகவும் தோன்றவில்லை.

குரு: ஆரோக்கியமானதன்று, அதை நாம் பின்பற்றத்தக்க உதாரணமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கசப்பு அங்கேதான் தங்கியிருக்கிறது. ஆனால் அந்த இருவரும் தங்களிடம் இல்லாத பூரண அன்பை இருப்பதாகச் சொல்லி ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பதைப் பார். ‘உன்னை என்றென்றும் சுகமாக வைத்திருப்பேன்’ என்று வாக்களிக்க அவர்களால் இயலாது; ‘இன்று நான் சாக மாட்டேன்’ என்று வாக்களிக்க இயலும். அவன் வேலைக்குப் போகிறான், அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள். நிறைவேற்றக்கூடிய வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் முடிவாதலால், பதினைந்து இருபது வருஷம் கழித்தும் அதைப் பார்ப்பவனுக்கு அது பொய்யாகிப் போவதில்லை.

சீடன்: அப்படியானால் சுப முடிவெல்லாம் பொய் என்றுதானே தீர்ப்பு?

குரு: அவசரப்படாதே. 2017இல் வந்த ‘நெட்டோஜூ நோ சுசுமே’ என்ற தொடரைப் பார்த்திருக்கிறாயல்லவா? முப்பது வயதில் உத்தியோகத்தைத் துறந்து, இணைய விளையாட்டுக்குள் ஆண் வேஷம் பூண்டு வாழும் மோரிகோ என்பவளுக்கு, அந்த விளையாட்டிலே அவளோடு மனம் ஒன்றிய தோழிப் பாத்திரத்தை ஆடிவந்தவன், அவள் வெளியில் தற்செயலாய்ச் சந்தித்த இளைஞனே என்று தெரியவருகிறது. கதை ஆனந்தமாய் முடிகிறது. அதில் இரண்டு பொருள் கலந்திருக்கின்றன. இருவரையும் ஒரே தெருவில் கொண்டுவந்து சேர்த்த தற்செயல் எழுத்தாளர் கொடுத்த தானம். பார்க்கிறவன் எவனும் அதைத் தன் வாழ்வில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆனால் கலைந்த தலையோடு கடைக்கு ஓடி ஓடி ஒளிந்தவள், ஒருவர் சாப்பிட அழைத்ததும், கூச்சம் பிடுங்கித் தின்ன, தலைமுடியைத் திருத்திக்கொள்ள அழகு நிலையத்துக்குள் நுழைகிறாளே, அது அவள் தன் பிரயத்தனத்தால் ஈட்டிய தனம். ஈட்டியது எவ்வளவோ அவ்வளவுக்கு அந்தச் சந்தோஷமும் மெய்யே.

சீடன்: இப்போது எனக்கு எதிர்ப்புறத்துச் சம்சயம் ஒன்று பிறக்கிறது. சுபத்தில் பொய் இருக்கக்கூடுமானால் துக்கத்திலும் பொய் இருக்கக்கூடாதா?

குரு: இருக்கக்கூடும், பல சமயம் இருக்கவும் செய்கிறது. ஆழமானவன் என்று பெயரெடுக்கும் ஆசையால் தன் பாத்திரத்தை இருட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிடும் ஆசிரியன், காரணம் இல்லாமல் கல்யாணம் செய்து வைப்பவனைப் போலவே வேலையைத் தட்டிக்கழித்தவன்தான். கசப்பு என்பதற்காகவே ஒன்று உண்மையாகிவிடாது. சுஜிமுரா மிசுகியின் நாவலைத் தழுவி ஹரா கெய்இச்சி 2022இல் இயக்கிய ‘கண்ணாடிக்குள் தனிமைக் கோட்டை’ என்ற படத்தை எடுத்துக்கொள். பள்ளிக்குப் போக முடியாத ஏழு குழந்தைகள் கண்ணாடி வழியே ஒரு கோட்டையில் கூடி நட்புக் கொள்கிறார்கள். முடிவில் அந்த நட்பின் ஞாபகம் அவர்களை விட்டு அகன்றுவிடுகிறது. இழப்பு மெய்யான இழப்பு. ஆயினும் அவர்களில் அதிகம் காயப்பட்ட சிறுமி, வேறொரு காலத்தில் வளர்ந்து பெரியவளாகி, பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு ஆதரவளிக்கும் ஆசிரியையாக நிற்கிறாள். ஞாபகம் போனாலும் காரியம் நின்றுபோகவில்லை. அங்கே துக்கமும் சுபமும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் அருகருகே இருக்கின்றன.

சீடன்: சுவாமி, இனி ஒரு கதையின் முடிவை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கட்டும்?

குரு: கதாநாயகன் சிரித்தானா அழுதானா என்று பார்க்காதே. கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு அதைப் பார்க்கிறவன், மறுநாள் தானும் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை அக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்; கதவுக்கு வெளியே இருப்பவர்கள், தாங்களும் கட்டக்கூடிய ஒரு வலையை அதில் அடையாளம் காண முடியுமா என்று பார். இவ்விரண்டையும் கொடுக்கும் கதை கல்யாணத்தில் முடிந்தாலும் சரி, பிரிவில் முடிந்தாலும் சரி, அதை நல்ல முடிவு என்றே நான் சொல்வேன். இவை இல்லாதபோது சுபமும் மயக்கம், சோகமும் மயக்கம். நீ முதலில் கேட்ட கேள்விக்கும் இதுதான் விடை: துக்கத்தில் இருப்பவனுக்குத் துக்கத்தைக் காட்டலாம், அதிலிருந்து எடுத்துவைக்கக்கூடிய முதல் அடியையும் சேர்த்துக் காட்டாமல் விடுவதுதான் அதர்மம்.