மருந்தின் விலை யார் பொறுப்பு?

மருத்துவரின் கடமை நோயாளியின் உடம்போடு முடிகிறதா, அவருடைய மடியில் உள்ள காசுக்கும் நீள்கிறதா? திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, பணியாள் என்ற நான்கு கூறுகளோடு நிறைவடைகிறது. உரையாசிரியர் பரிமேலழகர் அவை ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுக்கிறார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் பொருளுடைமை இருக்கிறது. மருந்துக்கு வேண்டியவற்றுள் எளிதில் கிடைப்பது இருக்கிறது. ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதரும் நோயாளியிடம் செல்வம் வேண்டும் என்கிறார். மருந்து எளிதில் கிடைக்காதபோது குறை யாருடையது, பொருள் இல்லாத நோயாளியுடையதா, மருந்தைத் தேர்ந்தவருடையதா என்பதை இந்தப் பட்டியல்கள் பேசவில்லை.

கொழும்பின் வெள்ளவத்தை போன்ற இடத்தில் இந்தக் கேள்வி இரண்டு விதமாக எழுகிறது. டிஸ்பென்சரி டொக்டரிடம் பார்க்கும் காசும் மருந்துக் காசும் பெரும்பாலும் ஒன்றுதான். சிறிய கடதாசி உறையில் இரண்டு மூன்று நாளுக்கான குளிசைகள். உறையின் மேல் காலை, பகல், இரவு என்று பேனாவால் ஒரு குறி. மருந்தின் விலை டொக்டரின் கையிலிருந்தே போவதால் மலிவானதைத் தேட அவருக்கே காரணம் உண்டு. குறை வேறிடத்தில். உறையில் பெயர் இல்லாவிட்டால், விழுங்கியது இன்னதென்று நோயாளியால் அடுத்த டொக்டரிடம் சொல்ல முடியாது.

விசேட வைத்தியரைச் சனல் பண்ணியவர் கையில் துண்டோடு பாமசிக்குப் போகிறார். இங்கே மருந்தைத் தேர்பவர் காசு கொடுப்பதில்லை, காசு கொடுப்பவர் மருந்தைத் தேர்வதில்லை. காய்ச்சல், தடிமன் என்றால் ஒருமுறைச் செலவு. சீனி வருத்தமும் பிரஷரும் மாதாமாதம், ஆயுள் முழுக்க. எழுதிய கம்பனிப் பெயர் கட்டுப்படியாகாதவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்குகிறார். அப்போது விலையே சிகிச்சையைக் கெடுக்கிறது. அதை மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று தள்ள முடியாது.

இலங்கையில் மருந்தின் விலையை அரசின் கடமையாகவும் பார்த்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தந்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. சுமார் 2,100ஆக இருந்த மருந்துகள் சுமார் 600ஆகக் குறைக்கப்பட்டன. கம்பனிப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் மருந்தெழுதும் வழக்கம் முன்வைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்த 1977இலேயே பிபிலே கயானாவில் காலமானார். அவர் கேட்டதன் ஒரு பகுதி மருந்துகளை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாகவும், 2016இல் 48 மருந்துகளுக்கு விதித்த விலைக் கட்டுப்பாடாகவும் திரும்பி வந்தது.

மலிவான மருந்தின் தரத்தை நம்பலாமா என்ற மருத்துவர்களின் ஐயத்தைக் கம்பனிக் கமிஷன் மீதான ஆசை என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆனால் தரத்தைச் சோதிப்பது அரசின் வேலை; அந்த வேலை நடக்காததன் விலையை நோயாளி மாதாமாதம் கட்ட வேண்டும் என்பதற்கு அறநூலில் இடமில்லை. 2022இல் ரூபாய் சரிந்தபோது கட்டுப்பாட்டு விலைகளை அரசே உயர்த்தியது. அப்படியும் பல மருந்துகள் பாமசித் தட்டில் இருக்கவில்லை. இலவச அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வெளியே வாங்கும்படி துண்டு எழுதப்பட்டது. அந்தத் துண்டில் எந்தப் பெயரை எழுதுவது என்பது மட்டும் அப்போதும் மருத்துவரின் கையிலேயே இருந்தது.