மலிவான ஊர்

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அழகும் கண்டி நகரின் அருகாமையும் ஓய்வுபெற்ற வெளிநாட்டவர் சிலரைப் பல்லேகல, திகனப் பக்கம் இழுத்து வருகின்றன. அவர்கள் கேட்பவை இரண்டே: செலவு குறைவா? சாப்பாடு ஒத்துவருமா?

முதற் கேள்வி எனக்கு நெருடுகிறது. 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென இலங்கை ஏற்படுத்திய வதிவிட விசா, மாதம் 1,500 டொலர் கொண்டுவரச் சொன்னது. 2022 மார்ச் தொடக்கத்தில் அது ஏறக்குறைய மூன்று இலட்சம் ரூபா. மே மாதத்தில் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தன. அவருக்கு ஊர் மலிந்ததும் எமக்குப் பருப்பும் பால்மாவும் எட்டாமற் போனதும் ஒரே ரூபாவின் சரிவால். அவர் அதைச் செய்யவில்லை, இலாபமடைந்தார், அவ்வளவே. பிழை செய்யாமல் இலாபமடைந்தவருக்கும் கடமை உண்டா? உண்டென்றே நினைக்கிறேன்.

அதற்கு வழி இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரழி) அவர்களிடம் நபிகளார் (ஸல்) சொன்னார்கள். கொடுப்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம்; வாங்கி உண்பதும் அயலுறவுதான். சீஸும் ஓட்ஸும் தேடிக் கண்டிக்கு ஓடுபவர் இங்கே வெறும் வாடகைக்காரர். பலாக்காய்க்கும் ஈரப்பலாக்காய்க்கும் நாக்கைப் பழக்கியவருக்கு (உறைப்பு முதல் மாதம் அழவைக்கும், அது வேறு கதை) அவற்றின் சந்தை விலை தெரியும். விலை ஏறினால் பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன நடக்குமென்பதும் தெரியும்.

அந்தச் சந்தையில் அவர் பேரம் பேசாமல் வாங்கட்டும். நாங்கள் பேசலாம், விற்பவளிடம் இருக்கும் அதே ரூபாதான் எங்கள் பையிலும்.